இன்னும் இல்லை

இரத்மலானை ஹங்கரில்
பத்தொன்பது வருஷத்தை
ஒரு நீலக் கொப்பிக்குள் வைத்திருந்தேன்.
சக்கரம் கழற்றியது, பிரேக் மாற்றியது,
மழைக்குள் நின்று எரிபொருள் குழாயை மோந்து பார்த்தது,
ஒவ்வொன்றுக்கும் மணி, திகதி, கோணல் கையெழுத்து.
கொப்பி தடித்தால் ஆள் தேர்ந்தவன்.
எங்களுக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான்.

வைகாசியில் கொப்பிகளைக் கட்டி எடுத்துப் போனார்கள்.
பிறகு ருஸ்னா வந்தாள்,
கையில் டெப்லட், காலில் கசங்காத இரும்புமுனைச் சப்பாத்து,
என்னைவிடப் பதினொரு வயது குறைவு.
"எத்தனை மணித்தியாலம் என்று கேட்கமாட்டேன்.
செய்யுங்கள், பார்க்கிறேன்."

பார்ப்பது என்றால் என்னவென்று அன்றுதான் விளங்கியது.
கையேட்டைத் திறந்தேனா,
திறந்து வாசித்தேனா, வாசிப்பதுபோல் விரலை ஓட்டினேனா,
விளக்கைப் பிடி என்று தமித்தைக் கூப்பிட்டேனா,
பல்லில் கடித்துக்கொண்டு தனியே சமாளித்தேனா.

நட்டு இறுகுவது என் மணிக்கட்டுக்குத் தெரியும்,
டோர்க் ஸ்பானர் 'டிக்' என்பதற்கு
ஒரு மயிரிழை முன்னால்.
"மணிக்கட்டு சரி," என்றாள்.
"எண்ணை யார் சொன்னது?"
எண்ணைச் சொன்னேன்.
அது இரண்டு திருத்தத்துக்கு முந்திய எண்.

பக்கத்துக் கட்டடத்தில் விமானிகளுக்கும் இதே கூத்து.
எண்ணாயிரம் மணி பறந்த கப்டன் பிரிட்டோ
சிமுலேட்டரால் இறங்கி கன்டீனுக்கு வந்தார்.
எஞ்சின் தீயை அணைத்துவிட்டாராம், பிழையே இல்லையாம்.
"பக்கத்து சீட்டில் இருந்த பிள்ளை
உயரம் குறையுது என்று இரண்டு தரம் சொல்லியிருக்கு.
நான் இல்லை என்று சாதித்தேன்.
பதிவைப் போட்டுக் காட்டினார்கள்.
அவ்வளவு தெளிவான குரல், தெரியுமா."
சீனி போட மறந்த பிளேன்டீயை
அப்படியே குடித்து முடித்தார்.

பின்னேரம் நாலரைக்குக் கருவி எண்ணும் நேரம்.
பலகையில் ஒவ்வொன்றுக்கும் அதன் நிழல்,
மஞ்சள் வர்ணத்தில்.
பத்து மில்லிமீட்டர் நிழல் மட்டும் தனியே கிடந்தது.

அந்த நொடியே சொல்லியிருக்கலாம்.
எங்கேயாவது உருண்டிருக்கும்,
எடுத்து மாட்டினால் முடிந்தது,
பத்தொன்பது வருஷக்காரன் வாய்திறந்து
காணவில்லை என்பதா.
முழங்காலில் ஊர்ந்தேன்.
சக்கரக் குழிக்குள் டோர்ச் அடித்தேன்.
காலி வீதியில் ஒரு பஸ் விடாமல் ஹோர்ன் அடித்தது.
கூரைத் தகரத்தைக் காகம் கொத்தியது.

எழுந்தேன்.
"பத்து சொக்கட்டைக் காணவில்லை.
கடைசியாய் எடுத்தது நான்.
இந்த விமானத்தை விடவேண்டாம்."

தமித் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தான்.
தரை கழுவுகிற மனிசன் வந்தார்.
ருஸ்னாவும் டெப்லட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் குனிந்தாள்.
கட்டுப்பாட்டுக் கம்பிக்கு நாலு விரல் தள்ளி
எண்ணெய் பூசிக்கொண்டு கிடந்தது,
சமர்த்துப் பிள்ளைபோல.

அவள் நிரப்பினாள்.
இறுக்குதல்: தேர்ச்சி.
கையேடு: இன்னும் இல்லை.
தகவல் சொல்லுதல்: இன்னும் இல்லை.

"சொன்னேனே?"
"ஓம். நாலு நிமிஷம் கழித்து."
"ஃபெயில் என்று போட்டால் சுருக்கமாய் முடியும்."
"அப்படி ஒரு பெட்டி இதில் இல்லை.
வியாழக்கிழமை வாங்கோ."

வெள்ளவத்தைக்கு வரும் கோச்சியில்
கதவோரம் தொங்கிக்கொண்டு வந்தேன்.
இடப்பக்கம் முழுக்கக் கடல்,
உப்பு, கடலைக்காரனின் குரல்.
தெகிவளை தாண்டும்போது
ஒரு சின்னப் பயிற்சி விமானம் தாழப் பறந்து போனது.
காதால் அதன் எஞ்சினைப் பார்த்தேன், பழக்கதோஷம்.
ஒழுங்காய்த்தான் ஓடியது.

பிறகுதான் நெஞ்சில் இடித்தது,
செவ்வாய்க்கிழமை மூடிய வலது சக்கரம்.
எந்த எண்ணில் இறுக்கினேன்?

தமித்துக்கு அடித்தேன்.
"நாளைக்கு அதை வெளியே எடுக்காதே.
திற. நான் விடியவே வாறேன்."
"ஏன், ருஸ்னா கேட்டாளா?"

கோச்சி குலுங்கியது.
"ஒருத்தரும் கேட்கேல்ல," என்றேன்.